கசிவும் ஒழுகலும்

சில சொற்கள் ஆய்வகத்தில் பிறந்து அங்காடியில் வளர்கின்றன. 'லீக்கி கட்' என்று ஆங்கிலத்திலும், அதைப் பெயர்த்து 'ஒழுகும் குடல்' என்று இப்போது தமிழிலும் வழங்கும் தொடர் அவற்றுள் ஒன்று. சோர்வு, மூட்டுவலி, தோல் அரிப்பு, மனச்சோர்வு, குழந்தைகளின் ஆட்டிசம் என அனைத்துக்கும் இதுவே மூலம் என்று சொல்லும் நூல்களும் காணொளிகளும் பெருகிவிட்டன. குடலின் சுவரில் ஓட்டை விழுந்துவிட்டது. உணவின் துணுக்குகளும் நுண்ணுயிர்களின் நஞ்சும் அதன் வழியே இரத்தத்தில் கலக்கின்றன. இந்தப் பொடியை வெந்நீரில் கலந்து மூன்று மாதம் பருகினால் ஓட்டை அடைபடும். கதை ஏறத்தாழ இவ்வளவுதான். இதைக் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளித்து, 'அப்படி ஒரு நோயே கிடையாது' என்று பேச்சை முடித்துவிடும் மருத்துவர்களும் உண்டு.

இரு தரப்பின் மீதும் எனக்கு மனக்குறை இருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடல் ஊடுருவலை விடும் என்பது உண்மை. சில நோய்களில் அது அளவு மீறுகிறது என்பதும் உண்மை. ஆனால் அதைப் பற்றி உரத்துப் பேசுகிறவர்கள், அது யாரை மெய்யாகவே வதைக்கிறதோ அவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை.

முதலில் ஒரு மொழிக் குறிப்பு. தமிழில் கூரை ஒழுகும், மண்பானை கசியும். கூரை ஒழுகினால் அது பழுது. பானை கசியாவிட்டால்தான் பழுது, தண்ணீர் குளிராது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். குடலைப் பற்றிய நூற்றாண்டுக் குழப்பத்தின் பெரும்பகுதி இந்த வேறுபாட்டைக் காணாததால் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

குடலில் தேங்கும் கழிவு உடலையே நஞ்சாக்குகிறது என்ற எண்ணம் மிகப் பழையது. விடுமுறை நாளில் பிள்ளைகளை வரிசையாக உட்கார்த்தி விளக்கெண்ணெய் புகட்டிய பாட்டிமார்களுக்கு அதைப் பிரெஞ்சுக்காரர் யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதற்கு அறிவியலின் உடையை அணிவித்தவர் பாரிஸ் மருத்துவர் ஷார்ல் பூஷார். 1887இல் வெளிவந்த அவரது விரிவுரைகள் 'சுயநஞ்சாதல்' என்ற கருத்தை ஐரோப்பா முழுக்கப் பரப்பின. அதைத் தூக்கிப் பிடித்தவர்களில் எலீ மெச்னிகோவ் சாதாரண ஆளல்ல. இரத்த வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டுபிடித்து, 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். மனிதன் முதுமையடைவதற்கே பெருங்குடலில் நிகழும் அழுகல்தான் காரணம் என்று அவர் நம்பினார். பல்கேரியக் குடியானவர்களின் நீண்ட ஆயுளுக்கு அவர்கள் உண்ணும் புளித்த பால் காரணம் என்று எண்ணித் தாமும் அன்றாடம் அதைப் பருகினார். 1916இல் தமது 71ஆம் வயதில் காலமானார். இன்று 'ப்ரோபயாட்டிக்' என்ற முத்திரையுடன் விற்கப்படும் ஒவ்வொரு புட்டியும் ஏதோ ஒரு வகையில் அவருடைய வாரிசுதான்.

மோர் குடிக்கச் சொன்னதோடு நின்றிருந்தால் தொல்லை இல்லை. லண்டன் கைஸ் மருத்துவமனையின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் சர் வில்லியம் ஆர்பத்நாட் லேன், மலச்சிக்கலுக்காக மனிதர்களின் பெருங்குடலையே வெட்டியெடுக்கத் தொடங்கினார். கை தேர்ந்தவர்; எலும்பு முறிவுக்கும் பிளந்த அண்ணத்துக்கும் அவர் செய்த அறுவைகள் போற்றப்பட்டவை. அந்தக் கைத்திறனே அவரது கருத்துக்குச் சான்றாகிவிட்டது என்பதுதான் விபரீதம். பெர்னார்ட் ஷா 1906இல் அரங்கேறிய 'டாக்டரின் தர்மசங்கடம்' நாடகத்தில் எல்லா நோய்க்கும் இரத்தம் நஞ்சானதே காரணம் என்று சொல்லி, இல்லாத ஓர் உறுப்பை எல்லோரிடமிருந்தும் வெட்டியெடுக்கும் ஓர் அறுவை மருத்துவரைப் படைத்திருக்கிறார். லேனை மனத்தில் கொண்டே எழுதினார் என்று சொல்வோர் உண்டு. நாடகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வரலாம். அமெரிக்காவின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் நடந்தது சிரிப்பதற்கில்லை. அதன் தலைவராக இருந்த ஹென்றி காட்டன், பைத்தியத்துக்குக் காரணம் உடலில் மறைந்திருக்கும் கிருமித்தொற்று என்று முடிவு கட்டி, நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். பிறகு பெருங்குடலை எடுத்தார். குடல் எடுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேர் இறந்தார்கள் என்பது அவரே ஒப்புக்கொண்ட கணக்கு.

இந்தக் கட்டிடத்தைச் சாய்த்தது மிக எளிமையான ஒரு கேள்வி. மலம் கழித்த மறுகணமே தலைவலி நீங்குகிறது என்று நோயாளிகள் சொல்கிறார்களே, நஞ்சு இரத்தத்தில் கலந்திருந்தால் அது கணத்தில் எப்படி வெளியேறும்? 1919இல் வால்டர் ஆல்வரஸ் என்ற அமெரிக்க மருத்துவர் கேட்டது இது. குடல் விரிவடைவதால் நரம்பு வழியே எழும் உணர்வுதான் இந்தத் தலைவலி என்றார் அவர். பின்வந்த சோதனையொன்றில் ஆரோக்கியமானவர்களின் மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்தபோதும் அதே தலைவலி, அதே மந்தம் வந்தன. பஞ்சில் ஏது நஞ்சு?

ஆல்வரஸ் சொன்னது சரி. ஆனால் அதன் பின்விளைவாக மருத்துவ உலகம் குடலை ஒரு வெறும் குழாயாகப் பாவிக்கத் தொடங்கியது. ஒரு மூடநம்பிக்கையைத் துரத்தியடித்த களிப்பில், அதன் பின்னே இருந்த நியாயமான வினாவையும் சேர்த்துத் துரத்தியாயிற்று. குடலுக்குள் இருப்பது எந்த அளவுக்கு உடலுக்குள் வருகிறது, எதனால் வராமல் இருக்கிறது என்பதே அந்த வினா.

விடை நுண்ணோக்கியிலிருந்து வந்தது. நம் குடலின் உட்பரப்பைப் போர்த்தியிருப்பது ஒரே ஓர் அடுக்குச் செல்கள். (டென்னிஸ் மைதானம் அளவுக்குப் பரந்தது என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன, 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் மறுபடி அளந்து, சுமார் 32 சதுர மீட்டர், பாட்மின்டன் களத்தில் பாதிதான் என்றார்கள். பாடநூல்களின் நிச்சயத்தைப் பற்றி நாம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.) இந்தச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைப்பவை. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே காரை போல, செல்களுக்கு நடுவே ஏதோ ஒரு பசை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பழைய ஆய்வாளர்கள் எண்ணினார்கள். 1963இல் மெரிலின் ஃபார்க்கர், ஜார்ஜ் பலாடி இருவரும் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, அங்கே பசை ஏதும் இல்லை, பக்கத்துச் செல்களின் சவ்வுகளே ஒன்றோடொன்று இணைந்து நிற்கின்றன என்று காட்டினார்கள். அதற்கு இறுக்கச் சந்தி என்று பெயர். பெயரில் மட்டுமே இறுக்கம். 1972இல் ஃப்ரோம்ட்டர், டயமண்ட் என்ற இருவர், உப்பின் அயனிகள் பெரும்பாலும் செல்லின் வழியே போகாமல் இந்தச் சந்திகளின் இடுக்கு வழியேதான் நழுவிச் செல்கின்றன என்று காட்டினார்கள். உடலின் போர்வைத் திசுக்களை 'இறுகியவை', 'கசிபவை' என்று வகைப்படுத்தும் பழக்கம் இதையொட்டி உறுதிப்பட்டது. சிறுகுடல் கசிபவற்றின் பட்டியலில் இருந்தது, நோயினால் அல்ல, இயல்பினால். அந்த டயமண்ட் வேறு யாருமல்லர். கால் நூற்றாண்டுக்குப் பின் 'துப்பாக்கிகள், கிருமிகள், எஃகு' எழுதிய அதே ஜாரெட் டயமண்ட். நாகரிகங்களின் கதையை எழுதப் புகுமுன் அவர் பித்தப்பையைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஆக, பானை கசிகிறது, கசியவே செய்யப்பட்டிருக்கிறது. 1998இல் கியோட்டோவில் ஷோய்ச்சிரோ சுக்கிட்டாவின் குழுவினர் இறுக்கச் சந்தியின் முதன்மைப் புரதங்களைக் கண்டறிந்து, 'மூடு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 'க்ளாடின்' என்று பெயரிட்டார்கள். இன்று இருபதுக்கும் மேற்பட்ட க்ளாடின்கள் தெரியும். அவற்றில் சில மூடுவதில்லை; குறிப்பிட்ட அயனிகளுக்கு வழி திறந்து விடுகின்றன. சுவர் என்ற உவமையே இங்கே தள்ளாடுகிறது. ஊர் எல்லையில் நிற்கும் சுங்கச்சாவடி என்று சொன்னால் ஓரளவு பொருந்தும்.

இந்த உவமைகள் வெறும் சொல்லலங்காரம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டவை. காலராவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நோயில் குடலின் உட்படலமே உரிந்து விழுந்துவிடுகிறது, அதனால்தான் நீர் வெளியே கொட்டுகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நம்பிவந்தார்கள். கூரையே பறந்துவிட்ட வீட்டில் பாத்திரம் வைத்து என்ன பயன்? வாய்வழி நீர் கொடுப்பது வீண் என்ற எண்ணத்துக்கு இந்தச் சித்திரமும் துணை நின்றது. கல்கத்தாவில் சம்புநாத் தே 1959இல் காலராக் கிருமியை நீக்கிய வடிநீரே முயலின் குடலில் நீரைச் சுரக்கச் செய்வதைக் காட்டினார். நோயை உண்டாக்குவது கிருமி கக்கும் நஞ்சு என்பது உறுதியாயிற்று. (நோபல் பெற்றிருக்க வேண்டியவர் என்று அறிந்தோர் சொல்வர்.) 1960இல் காங்கரோசா என்ற அமெரிக்கர் காலரா நோயாளிகளின் குடலிலிருந்து திசு எடுத்துப் பார்த்தபோது படலம் உரியாமல் முழுதாக இருந்தது. அப்படியானால் உறிஞ்சும் வேலையும் நடக்கும். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் வாயில் திறக்கும். பின்னாலேயே நீரும் வரும். 1971இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் திலீப் மகலநாபிஸ் சர்க்கரை உப்பு நீரை வாய்வழியே கொடுத்தார். 30 சதவிகிதத்தை எட்டியிருந்த இறப்பு 3.6 சதவிகிதமாகக் குறைந்தது. ஓட்டையை அடைக்கும் பொடி எதுவும் அங்கே பயன்படவில்லை. வாயிலைப் புரிந்துகொண்டது பயன்பட்டது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1970களில் இயன் மென்சீஸ் போன்றோர் லண்டனில் வளர்த்தெடுத்த சோதனை எளிமையானது. லாக்டுலோஸ், மானிடால் என்ற இரு சர்க்கரைகளைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, சில மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து, இரண்டும் எவ்வளவு வந்தன என்று அளப்பார்கள். மானிடால் சின்னது, எளிதில் உள்ளே வரும். லாக்டுலோஸ் பெரியது, நல்ல குடலில் நுழைவது மிகக் குறைவு. விகிதம் கூடினால் குடல் ஒழுகுகிறது. 1984இல் 'லான்செட்' இதழில் பியர்னசன் முதலியோர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே 'குடிநோயாளிகளின் ஒழுகும் குடல்' என்ற தொடர் இருந்தது. வலிநிவாரணி மாத்திரைகளும் இதைச் செய்யும் என்று தெரிந்தது. 1986இல் க்ரோன் நோயாளிகளின் உறவினர்களிடமும், நோய் இல்லாதபோதே, இந்தக் கசிவு கூடுதலாக இருப்பதை ஹாலண்டர் காட்டினார். இது நோயின் விளைவா, காரணமா என்ற கேள்விக்கு 2020இல் கனடா தலைமையிலான ஆய்வொன்று ஒரு பகுதி விடை தந்தது. ஆரோக்கியமாக இருந்த 1,420 உறவினர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்ததில் 50 பேருக்கு க்ரோன் நோய் வந்தது. விகிதம் கூடியிருந்தவர்களுக்கு அந்த அபாயம் ஏறத்தாழ மும்மடங்கு. 'அப்படி ஒன்றே கிடையாது' என்று சொல்லும் மருத்துவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம். ஆனால் மும்மடங்கு என்பதைக் கேட்டதும் பொடிக்கடைக்கு ஓடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விகிதம் கூடியிருந்தவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு எந்த நோயும் வரவில்லை.

அங்காடியின் பொற்காலத்தைத் தொடங்கிவைத்தது 'ஜோனுலின்'. பால்டிமோரில் காலராத் தடுப்பூசிக்கு உழைத்துக்கொண்டிருந்த அலெஸ்ஸியோ ஃபசானோ, இறுக்கச் சந்தியைத் தளர்த்தும் ஒரு கிருமிப் பொருளை 1991இல் கண்டார். நம் உடலிலேயே அதை ஒத்த ஒன்று இருப்பதாக 2000இல் அறிவித்தார். சீலியாக் நோயில் அது கூடுதலாக இருப்பதாகச் சொன்னார். நல்ல அறிவியல், துணிச்சலான ஊகம். உடனே இரத்தத்திலும் மலத்திலும் ஜோனுலின் அளக்கும் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பரவலாகப் பயன்படும் அத்தகைய பெட்டி ஒன்று ஜோனுலினை அளக்கவே இல்லை, வேறு எதையோ அளக்கிறது என்று காட்டியது. மரபணு காரணமாக அந்தப் புரதமே உடலில் உண்டாக முடியாதவர்களுக்கும் பெட்டி 'ஜோனுலின் இருக்கிறது' என்றதாம்! ஜோனுலினைத் தடுத்துச் சந்தியை இறுக்க உருவாக்கப்பட்ட லாரசோட்டைடு என்ற மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை, பலனளிக்கும் அறிகுறி இல்லாததால் 2022இல் நிறுத்தப்பட்டது. பெட்டிகளின் விற்பனை நிற்கவில்லை. லேனின் கத்தியைப் போல இது யாரையும் கொல்வதில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் தர்க்கம் அதேதான். எல்லா நோய்க்கும் ஒரே வாயில், எல்லாருக்கும் ஒரே தாழ்.

இதற்கெல்லாம் வெகு முன்பே, மெய்யான ஒழுகல் ஒன்று நம் ஊரிலேயே பதிவாகியிருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் 1960களில் வடாற்காட்டுக் கிராமங்களில் பரவிய 'ஸ்ப்ரூ' என்ற வயிற்றுப்போக்கு நோயை ஆராய்ந்தார்கள். ஒப்பிடுவதற்காக நோயற்றவர்களின் சிறுகுடல் திசுவையும் எடுத்துப் பார்த்தபோது, அதுவும் மேலைநாட்டுப் பாடநூலில் கண்டபடி இல்லை. விரல் போல் நீண்டிருக்க வேண்டிய குடலுறிஞ்சிகள் இலை போல் தட்டையாக, சில இடங்களில் வரப்பு போல் குறுகிக் கிடந்தன. இது இனத்தின் இயல்போ என்ற ஐயம் நிலைக்கவில்லை. பிறக்கும்போது இந்த மாற்றம் இருப்பதில்லை. வாழ்வின் தொடக்க மாதங்களில் வந்துசேர்கிறது. அதே காலத்தில் கிழக்குப் பாகிஸ்தானில் பணிபுரிந்த அமெரிக்க 'அமைதிப் படை' இளைஞர்களின் குடலும் இப்படி மாறியது. ஊர் திரும்பிய பின் மெல்லச் சீரானது. அமெரிக்கர் திரும்பிப் போக ஓர் ஊர் இருந்தது.

1991இல் காம்பியாவின் கிராமப்புறக் குழந்தைகளிடம் சர்க்கரைச் சோதனை செய்த லன் குழுவினர், வளர்ச்சிக் குறைவின் 43 சதவிகிதத்தைக் குடலின் ஒழுகலோடு தொடர்புபடுத்த முடியும் என்றார்கள். வயிற்றுப்போக்கு இல்லாமலே, அழுகை இல்லாமலே, பெற்றோர் கண்ணில் படாமலே குழந்தையின் குடல் சிதைந்துகொண்டிருக்கிறது. உண்பதில் ஒரு பகுதி உறிஞ்சப்படாமல் போகிறது. இன்னொரு பகுதியைக் குடலின் ஓயாத அழற்சி எரித்துவிடுகிறது. குழந்தை உயரமாவதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில், இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.5 சதவிகிதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் 25 சதவிகிதம். இவர்களில் எத்தனை பேருக்குக் குடல் காரணம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் இயலவில்லை. ஆனால் 'ஒழுகும் குடல்' என்று தேடினால் கிடைக்கும் பக்கங்களில் இந்தக் குழந்தைகளில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் ஜீன் ஹம்ஃப்ரி என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தையின் குடலைக் கெடுப்பது மலக் கிருமிகள். ஆகவே கழிப்பறையும் கைகழுவலும் உயரத்தைக் கூட்டக்கூடும் என்று 2009இல் லான்செட்டில் வாதிட்டவர். தர்க்கம் அழகானது, அரசுகளுக்கும் உவப்பானது. அதைச் சொல்லிப் புகழ் பெற்றதோடு அவர் நிறுத்திக்கொண்டிருக்கலாம். லேன் அப்படித்தானே செய்தார்? ஹம்ஃப்ரியோ ஜிம்பாப்வேயின் கிராமங்களில் 5,280 கர்ப்பிணிகளைச் சேர்த்துத் தம் கருத்தைத் தாமே சோதனைக்கு உட்படுத்தினார். கழிப்பறை கட்டிக் கொடுத்தார்கள். கைகழுவத் தொட்டி, குளோரின், குழந்தை மண்ணைத் தின்னாமல் விளையாடத் தடுப்பு வைத்த இடம் எல்லாம் கொடுத்தார்கள். 2019இல் அவரே வெளியிட்ட முடிவு: குழந்தைகளின் உயரத்தில் இவற்றால் மாற்றம் இல்லை. சத்துணவால் சிறிதளவு பயன் உண்டு. வங்கதேசத்திலும் கென்யாவிலும் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வுகளும் இதையே சொல்லின.

இதைக் கழிப்பறைக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்பவர் மூடர். ஒரு வீட்டுக்கு ஒரு கழிப்பறை போதாது, கோழியும் ஆடும் மனிதரும் நெருங்கி வாழும் மண்ணில் கிருமியின் சுமை அவ்வளவு கனமானது என்பதே இதன் பொருளாக இருக்கக்கூடும். குழாயில் நல்ல நீர், புதைசாக்கடை, சிமெண்டுத் தரை, அதாவது வசதி படைத்தவர்கள் கேட்காமலேயே பெற்றிருப்பவை அனைத்தும் தேவைப்படலாம். அதற்குச் செலவாகும். பொடிக்கு ஆகும் செலவைவிட மிக அதிகம். வாங்க வேண்டியவரும் வேறு.

2009இல் எட்டு நாடுகளில் தொடங்கிய 'மால்-எட்' ஆய்வில் வேலூரும் ஒரு களம். அங்கே குழந்தைகளின் உடலில் சிறுநீர்ப் பை ஒட்டி, மணிக்கணக்கில் காத்திருந்து, அதே இரு சர்க்கரைகளை அளந்தார்கள். அந்த விகிதத்துக்கும் வளர்ச்சிக்கும் கண்ட தொடர்பு எதிர்பார்த்த அளவு உறுதியாக இல்லை. காரணம் ஒன்று புரிகிறது. லாக்டுலோஸ் கூடினாலும் விகிதம் ஏறும். உறிஞ்சிகள் தேய்ந்து மானிடால் குறைந்தாலும் ஏறும். ஒழுகலையும் தேய்வையும் ஒரே எண்ணாகச் சொல்லும் கருவி அது. நோய்க்குறி இல்லாமலே குடலில் தங்கும் ஷிகெல்லா போன்ற கிருமிகளுக்கும் உயரக் குறைவுக்கும் உள்ள உறவு இதைவிடத் தெளிவாக வெளிப்பட்டது.

டாக்காவின் மீர்ப்பூர் குடிசைப் பகுதியில், கொண்டைக்கடலை, சோயா, வேர்க்கடலை, வாழைக்காய் ஆகியவற்றைக் கொண்டு, குடலின் நுண்ணுயிர்களைக் குறிவைத்து, தஹ்மீத் அகமதுவும் ஜெஃப்ரி கார்டனும் ஓர் உணவைத் தயாரித்தார்கள். 2021இல் வந்த முடிவின்படி, மூன்று மாதம் அதை உண்ட குழந்தைகள், அதைவிடக் கலோரி மிகுந்த வழக்கமான சத்துணவை உண்டவர்களைக் காட்டிலும் நன்றாக எடை கூடினார்கள். 118 குழந்தைகள், ஒரே ஒரு பகுதி, சிறிய ஆய்வுதான். அதில் சேர்ந்த நான்கு பொருட்களும் நம் மளிகைக் கடையிலும் காய்கறிச் சந்தையிலும் கிடைப்பவை.